நேரலையில் அம்மா கேட்ட கேள்வி

போன வருடம், பி.யு.சி. (இங்கே பிளஸ் டூவை அப்படித்தான் சொல்வார்கள்) தேர்வு முடிவுகள் வந்து கல்லூரிகளில் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம். பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டில் நடந்த விஷயம் இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் நிமிர்கிறது.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயிண்டர். அம்மா ஒரு பெரிய ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். இருவருமே பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள், முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வந்தால் என்ன, வரட்டும்.

ஏ.ஐ., ஏ.ஐ. என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, என் வேலை அதில்தான். நாம் கேட்கும் கேள்விக்கு அது தமிழில் ஒரு பதில் சொல்கிறது இல்லையா? அப்படிப்பட்ட பதில்களைப் படித்து எது சரி, எது தப்பு, எது அரைகுறை என்று குறிக்க வேண்டும். தப்பாக இருந்தால் திருத்தி எழுத வேண்டும். தெருவில் யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

என் தங்கை பி.யு.சி.யில் நல்ல மார்க் எடுத்தாள். அரசுக் கல்லூரி ஒன்றில் பி.சி.ஏ. படிக்க இடமும் கிடைத்துவிட்டது. சான்றிதழ்களுடன் போய்ச் சேர திங்கட்கிழமைதான் கடைசி நாள். வீட்டில் இரண்டாவது பட்டதாரி வரப்போகிறாள் என்று நான் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து, கால் கழுவி, உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்.

“சின்னவ அந்தக் கம்ப்யூட்டர் படிப்பு படிக்க வேணாம்.”

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டார்.

அந்த வீடியோவைப் போட்டவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெங்களூரிலேயே இருந்துகொண்டு தமிழில் தொழில்நுட்பம் பேசும் இளைஞர். பின்தொடர்பவர்கள் லட்சக்கணக்கில். அம்மாவுக்கு அவர் வீட்டுப் பிள்ளை மாதிரி. அம்மாவால் பேப்பர் படிக்க முடியாது, வீடியோ கேட்க முடியும். பஸ்ஸில் போகும்போது, பூண்டு உரிக்கும்போது எல்லாம் அவர் குரல்தான். பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று யாரோ போன் செய்து ஓ.டி.பி. நம்பர் கேட்டபோது அம்மா கொடுக்காமல் தப்பித்ததும் அவர் சொல்லியிருந்ததால்தான். எனவே சும்மா ஏமாந்துபோய் நம்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். நம்புவதற்குக் காரணம் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போனில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அது எழுத்தாக மாறும் என்று தங்கை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழும் அம்மா தவறாமல் ஒரு கமெண்ட் போடுவார். புது போன் பற்றிய வீடியோவாக இருந்தாலும் சரி, ராக்கெட் பற்றியதாக இருந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் ஒரே கமெண்ட்தான். “சாப்டியா தம்பி.”

நாங்கள் கேலி செய்வோம். “ஏம்மா, இத்தன ஆயிரம் கமெண்ட்ல உன்னுத எவன் படிக்கப் போறான்?”

“படிக்காட்டிப் போறான். கேக்கறதுல இன்னா கொறஞ்சிட்டேன்?”

சரி, வீடியோவுக்கு வருகிறேன். தலைப்பே ‘கம்ப்யூட்டர் படிப்பில் சேராதீர்கள்!’ என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ஏ.ஐ. வந்துவிட்டது, இன்னும் ரெண்டே வருஷம், கோடிங் படித்தவன் எல்லாம் ரோட்டில் நிற்பான், மனுஷனுடைய கை படுகிற வேலை மட்டும்தான் நிற்கும் என்று ஆவேசமாகப் பேசினார். உதாரணத்துக்கு நர்சிங்கைச் சொன்னார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்.

“நர்ஸ் படிக்கட்டும்.”

தங்கைக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். “நானே பேஷண்ட் பக்கத்துல படுத்துக்குவேன் பரவால்லியா?” என்றாள் அவள். அம்மா சிரிக்கவில்லை.

“அம்மா, நான் அதே ஏ.ஐ.லதான் வேலை செய்யறேன். அவர் சொல்றது அப்படியே நெஜம் இல்ல.”

“சும்னே இரு. இத்தன பேரு பாக்கறாங்க, பொய் சொல்லுவானா? நானும் கண்ணால பாத்துகினுதான் கீறேன். நாலாவது மாடில பாதி சேர் காலி. அட்டப் பொட்டியில சாமானத் தூக்கிகினு அழுதுகினே போச்சுங்க புள்ளைங்க. அந்த டேபிள் எல்லாம் தொடச்சது யாரு? நான்தான். உனக்கும் அப்டி ஆயிடுமோன்னு எனக்கு டெய்லி ஒரே பேஜாரு. ரெண்டு பொண்ணும் அப்டி நிக்கணுமா?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மா பயந்தது வீடியோவைப் பார்த்து இல்லை. பயம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு அந்த வீடியோ வார்த்தை கொடுத்துவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். “உங்கம்மா சொன்னா யோசிச்சுதான் சொல்லுவா” என்று ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் ஆபீஸ் இடைவேளையில் அந்த வீடியோவுக்குக் கீழே நானே ஒரு கமெண்ட் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறேன், சில வேலைகள் குறைவது உண்மை, சில புதிதாக வருவதும் உண்மை, எப்படி மாறும் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது, ஆகவே படிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று.

வந்த பதில்களைக் கேளுங்கள். “அக்காவுக்கு வேலை போற பயம்.” “அண்ணனைவிட உனக்குத் தெரியுமா?” “உனக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?” ஒருவர்கூட நான் சொன்ன விஷயத்தைத் தொடவில்லை. அவர் வீடியோவில் பேசிய வாக்கியங்களையே எடுத்து, தாங்களே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். மனுஷ கை படுகிற வேலை மட்டும்தான் நிற்கும் என்ற வரி மட்டும் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. அங்கே நடந்தது விவாதமே இல்லை. ஒரே ஆளின் குரல், பல பெயர்களில்.

அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறு சில கமெண்ட்கள். “நன்றி அண்ணா, தம்பியை அட்மிஷன் போட வேண்டாம்னு சொல்லிட்டோம்.” “என் பொண்ணுக்கு வாங்கின சீட்டை விட்டுட்டோம் சார்.” திட்டியவர்களைப் படித்தபோது கோபம் வந்தது. இவற்றைப் படித்தபோது பயம் வந்தது. எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் நடப்பது எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் காட்டினேன். அவள் முழுக்கப் படித்துவிட்டு, “நீ இவங்களோட சண்ட போட்டு இன்னா ஆவப் போவுது? ஞாயித்துக்கெழம மத்தியானம் அவர் லைவ் வராரு. அம்மாவையே கேக்கச் சொல்லலாம்” என்றாள்.

“இன்னான்னு?”

“சிம்பிளா ஒரு கேள்வி.”

ஞாயிற்றுக்கிழமை. வெளியே பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம். அம்மா போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் கேள்விகள் மழை மாதிரி விழுந்து ஓடிக்கொண்டிருந்தன. அவர் நடுநடுவே ஒன்றிரண்டை எடுத்துப் படித்துப் பதில் சொன்னார்.

தங்கை அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “அம்மா, நீ அவர நம்பற இல்ல?”

“ஆமா.”

“அப்ப அவரயே கேளு. அவருக்குத் தங்கச்சி இருந்தா அவள இன்னா படிக்க வெப்பாருன்னு கேளு. அவர் இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ‘நர்சிங்’ என்று சொல்லிவிட்டால்? கண்ணால் ஜாடை காட்டினேன். தங்கை என் பக்கமே திரும்பவில்லை.

அம்மாவுக்கு அந்தப் பந்தயம் பிடித்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்து, மைக்கைத் தொட்டுப் பேசினார்.

“சாப்டியா தம்பி. என் சின்னப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு சீட்டு கெடச்சுக்குது. நீ வேணாம்னு சொன்ன. நாளைக்குக் கடைசி நாளு. உனக்குத் தங்கச்சி ஒண்ணு கீதா? அதுக்கு இன்னா படிப்பு சொல்லுவ?”

அனுப்பியாயிற்று. மற்ற கேள்விகளோடு அதுவும் ஓடி மறைந்தது. யார் கண்ணிலும் படாது என்று எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போதுதான் அவர் பேச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“அட, ‘சாப்டியா தம்பி’ அம்மா! சாப்ட்டேம்மா. டெய்லி உங்க கமெண்ட்ட பாத்துடுவேன். எங்க டீம்ல எல்லாருக்கும் உங்களத் தெரியும்.”

அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுதிக் காட்ட முடியாது. ‘எவன் படிக்கப் போறான்’ என்று கேலி செய்ததற்கெல்லாம் அதில் பதில் இருந்தது.

திரையில் அந்த இளைஞர் அம்மாவின் கேள்வியை உரக்கப் படித்தார். படித்து முடிக்கும்போது சிரிப்பு குறைந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

“இருக்காம்மா. ஒரு தங்கச்சி.”

“இன்னா படிக்கிறா?” என்று அம்மா போனைப் பார்த்துக் கேட்டார். வீடியோ கால் பேசுவதாகவே நினைத்துவிட்டார். அம்மா கேட்டது அந்த இளைஞர் காதில் விழாது, ஆனாலும் அதைச் சொல்லாமல் நகர முடியாது என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

“கம்ப்யூட்டர் சயின்ஸ்தாம்மா படிக்கிறா. நான்தான் சேர்த்து விட்டேன்.”

பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். “உண்மையச் சொல்றேன். ‘யோசிச்சு சேருங்க’ன்னு தலைப்பு வெச்சா யாரும் பாக்க மாட்டாங்க. ‘சேராதீங்க’ன்னு வெச்சா பாப்பாங்க. அத வெச்சு ஒரு வீட்ல முடிவு எடுப்பாங்கன்னு நான் யோசிக்கலம்மா. உங்க பொண்ண எனக்குத் தெரியாது. அவளுக்கு அதுல இஷ்டம் இருந்தா படிக்க வையுங்க. அந்தத் தலைப்ப இன்னிக்கே மாத்திடறேன்.”

அவர்மீது இருந்த கோபம் எனக்கு அந்த நிமிடமே பாதி போய்விட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மழுப்பாமல் சொல்வதற்கும் மனசு வேண்டும்.

ஆனால் அடுத்து நடந்ததுதான் விசித்திரம். திரையில் ஓடிய கமெண்ட்கள் அப்படியே திசை மாறின. “படிப்பு முக்கியம்.” “அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், எல்லாரும் சேருங்க.” எனக்கு வேலை போகிற பயம் என்று எழுதினாரே ஒருவர், அவருடைய பெயரும் அதில் இருந்தது. படிப்பை நிறுத்தச் சொல்பவர்கள் முட்டாள்கள் என்று எழுதியிருந்தார். நான் இரண்டு நாள் முன்பு சொன்னதைத்தான் இப்போது எல்லோரும் சொன்னார்கள். ஆனால் நான் சொன்னதற்காகச் சொல்லவில்லை. அவர் சொன்னதற்காகச் சொன்னார்கள். நாளைக்கு அவர் திரும்பினால் இவர்களும் திரும்புவார்கள்.

அம்மாவும் எழுந்துவிட்டார். “தம்பியே சொல்லிட்டான். நாளைக்குப் போய் சேந்துடு. நான் லீவு சொல்லிடறேன்.”

நான் துள்ளிக் குதிக்காத குறை. தங்கை மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“சேர மாட்டேன்.”

“இன்னாடி வெளயாடறியா?”

“வியாழக்கெழம அவர் வேணாம்னாரு, நீ வேணாம்ன. இன்னிக்கு படின்னாரு, படின்ற. ரெண்டாவது வருஷம் படிக்கும்போது மறுபடியும் ஒரு வீடியோ போட்டார்னா என்ன நிறுத்திடுவியா? அக்கா இதே வேலதான செய்யறா? அவ சம்பளத்துலதான இந்த போனே வாங்கினது? அவள ஒரு தடவயாச்சும் கேட்டியா?”

பாயில் படுத்திருந்த அப்பாகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். பதினேழு வயதுப் பெண், கையில் கிடைத்த வெற்றியைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, இது போதாது என்கிறாள். எனக்கு இந்தத் துணிச்சல் அந்த வயதில் இருந்ததில்லை. என் தங்கை என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அம்மா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. “அந்தத் தம்பி டெய்லி பேசறான். இவ வந்தா சாப்ட்டுட்டுப் படுத்துக்கறா. எப்ப கேக்கறது?” என்றார். பிறகு அவரைக்காய்த் தட்டை என் பக்கம் தள்ளினார். “சரி, நறுக்கிகினே சொல்லு. நீ ஆபீஸ்ல இன்னாதான் பண்ற?”

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஏ.ஐ. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும், நான் படித்துப் பார்த்துச் சரியா தப்பா என்று குறிப்பேன் என்று. அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். அதுக்கு யார் தமிழ் சொல்லிக் கொடுத்தது? தப்பாகச் சொன்னால் அதுக்கே தெரியாதா? தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லுமா? சில நேரம் தெரியாததையும் தெரிந்த மாதிரியே அடித்துச் சொல்லும் என்றேன். “நம்ம ஓனர் மாதிரியா?” என்றார் அப்பா. அப்பா வேலை பார்க்கும் காண்ட்ராக்டரைச் சொன்னார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அடங்கியதும் அம்மா நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

“உன் வேல போவாதா?”

போகாது என்று சொல்லியிருக்கலாம். அம்மா நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் நானும் ஒரு சிவப்பு எழுத்துத் தலைப்பு போட்ட மாதிரிதான்.

“போனாலும் போகலாம்மா. இப்ப செய்யற வேல இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. சேர்ந்தப்ப செஞ்ச வேல ஒண்ணு, இப்ப செய்யறது ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் புதுசா கத்துக்கிட்டேன். படிச்சதால கத்துக்க முடிஞ்சுது. போச்சுன்னா அடுத்தத கத்துக்குவேன். அவளும் அப்படித்தான் கத்துக்கணும். சுலபம்னு சொல்லல. முடியும்னு சொல்றேன்.”

அம்மா நான் நறுக்கிய காயை ஒன்றாக அள்ளித் தட்டில் போட்டார். அப்புறம், எங்களுக்குச் சொல்வதுபோல் இல்லாமல், சொன்னார். “நாலாவது மாடிலருந்து பொட்டி தூக்கிகினு போச்சே, கண்ணாடி போட்ட பொண்ணு, இப்ப ஏழாவது மாடில வேற கம்பெனில கீது. போன வாரம் பாத்து சிரிச்சுது.” தட்டை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “காலைல சீக்கிரம் எழுந்துருங்க ரெண்டு பேரும்.”

மறுநாள் மூவரும் கல்லூரிக்குப் போனோம். நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். நீளமான வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு கன்னட அம்மா, மகளோடு நின்றார். பேச்சுவாக்கில் எங்கள் அம்மாவிடம் தன் கவலையைச் சொன்னார். “ஏ.ஐ. பந்து எல்லா கெல்ஸ ஹோகுத்தந்தெ” என்றார். ஏ.ஐ. வந்து எல்லா வேலையும் போய்விடுமாமே என்று. அவரும் யாரோ ஒருவருடைய வீடியோவைத்தான் பார்த்திருந்தார், கன்னடத்தில். மகள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அம்மா என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். லைவில் தன் கேள்விக்குப் பதில் வந்த கதையைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். காலையிலேயே தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. இங்கே அதைச் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

“நன் தொட்ட மகளு அதே கெல்ஸ மாடோது. அவளன்னே கேளி” என்றார். என் பெரிய மகள் அதே வேலைதான் செய்கிறாள், அவளையே கேளுங்கள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அவருடைய மகளும் தலையை நிமிர்த்தினாள். பின்னால் நின்ற ஒரு அப்பாவும் கிட்டே வந்தார். முந்தின நாள் எங்கள் வீட்டில் சொன்னதையே கன்னடத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவு, இதற்குமேல் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது என்று அதையும் சொன்னேன். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது, நான் பேசிக்கொண்டே இருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று, நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கன்னடப் பெண்ணும் என் தங்கையும் இன்று ஒரே வகுப்பில் படிக்கிறார்கள்.

அம்மா இப்போதும் அந்த வீடியோக்களைப் பார்க்கிறார், “சாப்டியா தம்பி” என்று கேட்கிறார், நான் வேலையிலிருந்து வந்ததும் “இன்னிக்கு அது இன்னா தப்பு பண்ணுச்சு?” என்றும் கேட்கிறார். லட்சம் பேர் கேட்கும் ஒருவரை விட்டுவிட்டு ‘என் மகளைக் கேளுங்கள்’ என்று என் அம்மா சொன்ன அந்த நாளிலிருந்து, எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் கேட்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்வதும் என் படிப்புக்கான வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.